விற்ற பின்னும் விற்றவர் கையில்

1904இல் அமெரிக்காவில் 'தி காஸ்ட்அவே' என்றொரு நாவல் வெளிவந்தது. பதிப்பித்தது பாப்ஸ்-மெரில் நிறுவனம். பதிப்புரிமைக் குறிப்புக்குக் கீழே ஓர் எச்சரிக்கையையும் அச்சிட்டிருந்தார்கள்: சில்லறை விலை ஒரு டாலர், அதற்குக் குறைத்து விற்க எந்தக் கடைக்காரருக்கும் அனுமதியில்லை, மீறினால் பதிப்புரிமை மீறலாகக் கொள்ளப்படும். நியூயார்க்கின் மேசி அங்காடி இதைப் பொருட்படுத்தாமல் 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிரதியை விற்றுக் காசு வாங்கிய பிறகு அதன் மறுவிற்பனையில் பதிப்பாளருக்குப் பிடிமானம் இல்லை, அட்டைக்குள் எதை அச்சிட்டாலும் அது அடுத்தடுத்து வாங்குபவர்களைக் கட்டாது என்று 1908இல் தீர்ப்பானது. பழைய புத்தகக் கடையும் நூலக இரவலும் அந்த நாட்டில் தடையின்றி நடப்பதற்கு இந்தக் கோட்பாடு ஒரு முக்கியக் காரணம்.

பதிப்பாளர் அன்று கேட்டு நீதிமன்றம் மறுத்ததை, தொண்ணூறு ஆண்டு கழித்துப் பொறியாளர்கள் யாரிடமும் கேட்காமலே செய்து கொடுத்துவிட்டார்கள். இன்று பிரிண்டர் வேறு கம்பெனி மையை ஏற்க மறுக்கிறது. காசு கொடுத்து வாங்கிய மின்நூல் ஒரு நாள் காணாமல் போகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீட்டுக் கருவி, எங்கோ ஒரு சர்வரை அணைத்ததும் வெறும் பிளாஸ்டிக் டப்பாவாகிவிடுகிறது. இவற்றைத் தனித்தனி எரிச்சல்களாகப் பார்ப்பதே வழக்கம். மென்பொருள் சரியில்லை, வாடிக்கையாளர் சேவை சரியில்லை, தொழில்நுட்பம் இன்னும் முதிரவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: விற்பனை முடிவதே இல்லை. வீட்டை விற்றுப் பத்திரமும் பதிந்து கொடுத்தவர், மாற்றுச் சாவியை மட்டும் தன் மடியில் முடிந்துகொண்டு போவது போன்ற ஏற்பாடு இது. அந்தச் சாவியைச் சட்டமும் அவரிடமே விட்டுவைத்திருக்கிறது. விற்றவரின் ஆதாயம் அவருக்கு, விற்ற பிறகும் ஆளும் அதிகாரமும் அவருக்கே. இரண்டில் ஒன்றைத்தான் அவர் வைத்துக்கொள்ள முடியும் என்று சட்டம் சொல்லாதவரை, எந்த அப்டேட்டும் இந்த எரிச்சலைத் தீர்க்காது.

பூட்டின் கதையைப் படங்களிலிருந்து தொடங்கலாம். 1990களின் பிற்பாதியில் டிவிடி வந்தபோது, வட்டில் இருப்பதைச் சிஎஸ்எஸ் என்னும் மறையாக்க முறையால் பூட்டினார்கள். அதைத் திறக்கும் சாவி, உரிமம் பெற்ற பிளேயர்களில் மட்டும் இருக்கும். கூடவே உலகம் மண்டலங்களாகக் கூறு போடப்பட்டது: அமெரிக்கா 1, மேற்கு ஐரோப்பா 2, சிங்கப்பூர் 3, இந்தியா 5. லண்டனில் முழு விலை கொடுத்து நேர்மையாக வாங்கிய வட்டு, சென்னையில் முழு விலை கொடுத்து நேர்மையாக வாங்கிய பிளேயரில் ஓடாது. இதில் திருட்டு எங்கே இருக்கிறது? எங்குமில்லை. ஒரே படத்தை நாட்டுக்கு நாடு வேறு நாளில், வேறு விலையில் விற்கும் வியாபார வசதி மட்டுமே அங்கே காக்கப்பட்டது. பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் தமிழர்களை நம்பி வெளியான தமிழ்ப் பட டிவிடிகள் பல, மண்டலப் பூட்டே இல்லாமல்தான் வந்தன. அந்த வியாபாரத்துக்கு அந்தப் பூட்டு தேவைப்படவில்லை.

பூட்டைவிடப் பெரிய காரியம், பூட்டுக்குக் காவலாக வந்த சட்டம். 1996இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உடன்படிக்கை. அதையொட்டி 1998இல் அமெரிக்காவின் டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம். அதன் 1201ஆம் பிரிவு பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கியது. நகல் எடுத்தாயா, விற்றாயா என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. நீ வாங்கியதை நீயே பார்க்கத்தான் உடைத்தாய் என்றாலும் குற்றமாகலாம் என்ற நிலை வந்தது. சட்டம் நேராகச் சொல்லாத தடைகளையும் பூட்டு போடுபவர் தன் விருப்பப்படி சட்டத் தடைகளாக்கிக்கொள்ள இது வழி திறந்துவிட்டது. இந்தக் கட்டுரையின் மற்ற செய்திகள் பலவும் இந்த ஒரு வாசலின் வழியாக வந்தவை. நார்வேயில் ஜான் லெக் ஜோஹான்சன் என்ற பதின்வயது இளைஞர் 1999இல் டிவிடி பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்டபோது வழக்கு தொடுத்தார்கள். தான் வாங்கிய படத்தைத் தன் லினக்ஸ் கணினியில் பார்ப்பதே நோக்கம் என்றார் அவர். ஒருவர் தான் சட்டப்படி வாங்கிய வட்டைத் தனக்கு வேண்டிய முறையில் பார்க்கலாம் என்று சொல்லி ஆஸ்லோ நீதிமன்றம் 2003 ஜனவரியில் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டிலும் அதே முடிவு. அதே நிரலை வெளியிட்ட அமெரிக்கப் பத்திரிகையோ, 2000இலேயே நியூயார்க்கில் தோற்றிருந்தது. ஒரே நிரலுக்கு இரு நாட்டில் இரு தீர்ப்பு. இந்தியா இதில் நிதானமாக நடந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும். 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம் என்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு காரியத்துக்காக உடைக்க இடம் தருகிறது. நம் சட்டங்களில் உருப்படியாக எழுதப்பட்ட சில வரிகளில் இவையும் அடக்கம். ஆனால் சட்டம் அனுமதித்தாலும் சாவி நம் கையில் இல்லை. உடைக்கத் தெரிந்த இன்னொருவர் உதவ வேண்டும். உதவுபவர் உதவி பெற்றவரின் முழு விவரங்களையும் பதிவாக வைத்திருக்க வேண்டும் என்று அதே பிரிவு நிபந்தனையும் போடுகிறது.

இசைத்துறையில் நடந்ததை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பூட்டு இல்லாவிட்டால் வியாபாரமே அழிந்துவிடும் என்ற வாதம் உண்மையில் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒரே பெரிய களம் அதுதான். 2004இல் மைக்ரோசாப்ட், 'நிச்சயம் இசைக்கும்' என்ற பொருள்படும் பிளேஸ்ஃபார்ஷ்யூர் முத்திரையோடு ஒரு பூட்டு முறையைக் கொண்டுவந்தது. அதைப் பல கடைகளும் பல கருவிகளும் ஏற்றுக்கொண்டன. இரண்டே ஆண்டில் மைக்ரோசாப்ட் தானே வெளியிட்ட ஸூன் கருவி அந்தப் பாடல்களை இசைக்க மறுத்தது. 2008 ஏப்ரலில், எம்எஸ்என் மியூசிக் கடையில் வாங்கிய பாடல்களுக்கு உரிமம் வழங்கும் சர்வர்களை ஆகஸ்டோடு நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். அதன்பின் புதுக் கணினி வாங்கினால் பழைய பாடல்களை அதற்கு மாற்ற முடியாது. கூச்சல் எழுந்ததும் கெடுவை 2011 வரை நீட்டினார்கள். யாஹூவும் வால்மார்ட்டும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே அறிவிப்பைச் செய்து, அதே கூச்சலைக் கேட்டன. இதில் கவனிக்க வேண்டியது, இந்த நிறுவனங்களில் எதுவும் திவாலாகவில்லை என்பது. நன்றாக இருந்தன, அந்தக் கடை மட்டும் அவற்றுக்குச் சலித்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவருக்குத் தண்டனை, காசு கொடுக்காமல் இறக்கிக்கொண்டவருக்கு ஒரு குறையும் இல்லை.

2007 பிப்ரவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதிய பகிரங்கக் கடிதம் இந்த முரணைக் கணக்காகவே போட்டுக் காட்டியது. 2006இல் உலகம் முழுக்க இணையத்தில் பூட்டோடு விற்ற பாடல்கள் 200 கோடிக்கும் குறைவு. அதே ஆண்டில் பூட்டே இல்லாத சிடிகளில் விற்றவை 2,000 கோடிக்கும் மேல். பத்தில் ஒன்பது பங்கைத் திறந்து விற்றுவிட்டு மீதியைப் பூட்டிவைப்பதில் என்ன காவல்? ஆப்பிளும் தன் பூட்டால் தன் கருவிகளுக்கு ஆதாயம் தேடிய நிறுவனம்தான். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் நெருக்கிக்கொண்டிருந்த வேளையில் வந்த கடிதம் அது. எழுதியவர் நோக்கம் எதுவாக இருந்தாலும் கணக்கு சரியாகவே இருந்தது. இரண்டு மாதத்தில் இஎம்ஐ இசை நிறுவனம் பூட்டைக் கைவிட்டது; 2009 ஜனவரியில் ஐடியூன்ஸ் கடையின் பாடல்கள் எல்லாமே பூட்டின்றி வரும் என்று அறிவித்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. அமெரிக்காவில் பாடல் பதிவிறக்க விற்பனை அதன்பிறகும் 2012 வரை ஏறிக்கொண்டே போனது. பிறகு இறங்கியதற்குக் காரணம் திருட்டு என்பதைவிட ஸ்ட்ரீமிங் என்பதே பொருந்தும். ஆகவே திருட்டைச் சொல்லி எழும் ஆட்சேபத்துக்குப் பதில் வரலாற்றிலேயே இருக்கிறது. திருட்டு இல்லை என்று நான் சொல்லவில்லை. திரையரங்கில் ஓடும்போதே படம் இணையத்தில் வந்துவிடும் தமிழ்நாட்டில் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிரதிகள் வாங்கியவரின் வீட்டுப் பூட்டை உடைத்து வந்தவையா? பூட்டு, திருடனுக்கு ஒரு முறை உடைத்தால் தீர்ந்த வேலை. வாங்கியவருக்குத்தான் தினசரி வேலை.

புத்தகத்தில் இந்தக் கதை இன்னும் முடியவில்லை. 2009 ஜூலையில் அமேசான், கிண்டில் வாசகர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' பிரதிகளை அவர்கள் கருவிகளிலிருந்தே அழித்தது. அந்தப் பதிப்பை விற்றவருக்கு அமெரிக்காவில் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. எந்த நூல் என்பதை வைத்து உலகமே கேலி செய்து முடித்துவிட்டதால் அதை விடுவோம். பள்ளி மாணவர் ஒருவர் தொடுத்த வழக்குதான் விஷயத்தைச் சரியாகத் தொட்டது. அவர் படித்தபடியே எழுதிவைத்த குறிப்புகள் எஞ்சியிருந்தன. எந்த வரிக்கு எந்தக் குறிப்பு என்று காட்டப் புத்தகம் இல்லை. ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். சில விதிவிலக்குகள் தவிர இனி அமெரிக்க வாசகர்களின் கருவியிலிருந்து அழிப்பதில்லை என்று வழக்குச் சமரசத்தில் உறுதி தந்தார்கள். அச்சுப் புத்தகத்தில் இதே உரிமைத் தகராறு வந்திருந்தால் பதிப்பாளரும் கடைக்காரரும் தங்களுக்குள் வழக்காடியிருப்பார்கள். விற்றுப்போன பிரதியைத் தேடி யாரும் வீடு வீடாக வந்திருக்க மாட்டார்கள். 2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோதும் பணத்தைத் திருப்பித் தந்தது, நூல்களை எடுத்துக்கொண்டது. பணத்தைத் திருப்பித் தருவது நல்ல செயல். ஆனால் விற்பவர் விரும்பும்போது விலையைக் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு எந்த ஊரிலும் விற்பனை ஆகாது; அது அடமானத்துக்குப் பக்கத்தில் வருகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் படம், பாட்டு, புத்தகம். இவற்றில் குறைந்தபட்சம் பதிப்புரிமை என்று காக்கப்பட ஒன்று இருந்தது. வீட்டுச் சாமான்களுக்குள் அதே பூட்டு நுழைந்தபோது அந்த முகாந்திரமும் போய்விட்டது. சேம்பர்லின் என்ற நிறுவனம் கார் கொட்டகைக் கதவைத் திறக்கும் கருவி விற்றது. ஸ்கைலிங்க் என்ற நிறுவனம் அதற்குப் பொருந்தும் ரிமோட் செய்தது. கதவுக்குள் இருக்கும் நிரலின் பூட்டை உடைத்துவிட்டார்கள் என்று 1201ஆம் பிரிவின்கீழ் வழக்கு! தன் கொட்டகைக் கதவைத் தானே திறப்பவர் யாருடைய பதிப்புரிமையையும் மீறவில்லை என்று 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டில் லெக்ஸ்மார்க் பிரிண்டரின் டோனர் சிப்பு வழக்கும் ஏறக்குறைய அதே வழியில் போனது. 2017இல் காப்புரிமையை வைத்து லெக்ஸ்மார்க் மறுபடி முயன்றபோது, விற்றதோடு காப்புரிமையின் பிடி தீர்ந்தது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1908இன் குரல் அதில் கேட்கிறது. நீதிமன்றத்தில் இப்படித் தோற்றவர்கள் நடைமுறையில் தோற்கவில்லை. 2016 செப்டம்பரில் ஹெச்பி பிரிண்டர்கள் பல, அதுவரை ஏற்றுக்கொண்டிருந்த பிற நிறுவன கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் மறுக்கத் தொடங்கின. முன்னமே அனுப்பியிருந்த ஒரு மென்பொருள் அந்த நாளுக்காகக் காத்திருந்தது. மன்னிப்பு வந்தது, விலக்கிக்கொள்ள ஒரு அப்டேட்டும் வந்தது, முறை மட்டும் தொடர்ந்தது. இந்தக் கட்டுப்பாடுகளைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் 1 கோடி யூரோ அபராதம் போட்டது. 2024 ஜனவரியில் நிறுவனத்தின் தலைவரே, விற்கும் ஒவ்வொரு பிரிண்டரும் தங்கள் முதலீடு, வாங்கியவர் போதிய அளவு அச்சிடாவிட்டாலோ தங்கள் மையை வாங்காவிட்டாலோ அது மோசமான முதலீடு என்ற கருத்தைத் தொலைக்காட்சியில் சொன்னார். இந்த அளவுக்கு ஒளிவுமறைவின்றி யாரும் பேசியதில்லை. விலை கொடுத்தவர் நாம், முதலீடு அவருடையது.

பிரிண்டரைக் குறைந்த விலைக்குத் தந்து மையில் எடுத்துக்கொள்கிறோம், பூட்டை எடுத்தால் பிரிண்டர் விலை ஏறும், ஏழைதான் பாதிக்கப்படுவான் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். எளிதில் தள்ளிவிட முடியாத வாதம் இது. ஆனால் இதற்கும் பதில் சந்தையிலேயே கிடைத்தது, அதுவும் நம் பக்கத்து நாடுகளில். ஆசியாவின் பல நகரங்களில் கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே மைத் தொட்டி கட்டி, குழாய் இழுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சென்னை ரிச்சி தெருவில் கார்ட்ரிட்ஜுக்கு மை நிரப்பித் தரும் கடைகளைத் தெரியாதவர்கள் குறைவு. இந்தப் பழக்கத்தோடு போராடிப் பயனில்லை என்று கண்ட எப்சன், 2010இல் இந்தோனேசியாவில் மைத் தொட்டி பிரிண்டரைத் தானே விற்கத் தொடங்கியது. பிறகு அது இந்தியாவுக்கும் வந்தது, போட்டி நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பிரிண்டர் விலை கூடுதல்தான். மை விலையோ பாட்டில் கணக்கில் மலிவு. எது ஆதாயம் என்று வாங்குபவர் கணக்குப் போட்டார், தொட்டியை வாங்கினார். விலை வெளியே தெரிந்தால் ஏழைக்குக் கணக்குப் போடத் தெரியும். உள்ளே ஒளிந்திருக்கும் விலைதான் அவரை ஏமாற்றுகிறது.

நமக்கு இன்னும் பழக்கமான எடுத்துக்காட்டு டிடிஎச் பெட்டி. ஒரு நிறுவனத்தின் செட்-டாப் பாக்ஸை வாங்கியவர் இன்னொரு நிறுவனத்துக்கு மாறினால் பழைய பெட்டி பரணுக்குப் போகும். எந்தப் பெட்டியிலும் எந்த நிறுவனத்தின் ஒளிபரப்பும் வர வகை இருக்க வேண்டும் என்பது 2001இல் வெளியான டிடிஎச் வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதையே மறுபடி பரிந்துரைத்தது. இடையே கழிந்த காலம் பத்தொன்பது ஆண்டு. தொலைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதியை நாடு முழுக்கக் கொண்டுவர முடிந்த நிர்வாகத்துக்கு இது முடியவில்லை என்றால், தொழில்நுட்பத்தைக் காரணம் காட்டுவதில் அர்த்தமில்லை.

ஒப்புக்கொண்டுதானே வாங்கினீர்கள், நிபந்தனைகளில் எல்லாம் எழுதியிருக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். ஒப்பந்தத்தை மதிப்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். படிக்காமல் ஒப்புக்கொண்டது வாங்கியவர் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். வாங்கிய பிறகு மாறும் நிபந்தனையை எப்படிப் படிப்பது? சோனி பிளேஸ்டேஷன் 3ஐ விற்றபோது அதில் லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளத்தையும் நிறுவலாம் என்று சொல்லித்தான் விற்றது. 2010 ஏப்ரல் 1ஆம் தேதி வந்த அப்டேட் அந்த வசதியை எடுத்துவிட்டது. அப்டேட்டை ஏற்காவிட்டால் சோனியின் இணையச் சேவை கிடைக்காது, அதன்வழி ஆடும் ஆட்டங்களும் போய்விடும். ஏதோ ஒரு வசதியை இழந்தே தீர வேண்டும். எதை என்று தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் மட்டும் வாங்கியவருக்கு. இதைச் சம்மதம் என்று அழைத்தால் வழிப்பறியில் பணப்பையா கடிகாரமா என்று கேட்பதும் சம்மதம்தான்.

கனமான ஆட்சேபம் பாதுகாப்பைப் பற்றியது. இணையத்தோடு பிணைந்த கருவி சும்மா கிடக்கும் பண்டம் கிடையாது. அப்டேட் நின்றுபோன கேமராவும் ரூட்டரும் ஊருக்கே ஆபத்து. 2016இல் மிராய் என்னும் தீநிரல் இப்படிப்பட்ட லட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. அந்த அக்டோபரில் அவற்றைக் கொண்டு நடந்த தாக்குதலில், இணைய முகவரிகளைக் கண்டறிந்து தரும் டின் நிறுவனத்தின் சேவை முடங்கி, அமெரிக்காவின் பெரிய தளங்கள் பலவும் மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின. காலாகாலத்துக்கும் அப்டேட் தந்துகொண்டே இரு என்று எந்த நிறுவனத்தையும் கேட்க முடியாது. சர்வரை ஓட்டச் செலவாகும், பொறியாளருக்குச் சம்பளம் தர வேண்டும். இதெல்லாம் உண்மை. ஆனால் பூட்டு எப்போதும் பாதுகாப்பின் பக்கமே நிற்கிறது என்பது உண்மையில்லை. 2005இல் சோனி பிஎம்ஜி 52 இசை சிடிகளில் வைத்த நகல் தடுப்பு மென்பொருள், வாங்கியவரின் கணினிக்குள் அவருக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டது. அதே மறைவில் தீநிரல்களும் ஒளிந்துகொள்ள வழி பிறந்தது. மார்க் ரசினோவிச் என்ற கணினி வல்லுநர் அதைக் கண்டறிந்து வெளியிட்டபின் சிடிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இன்னொன்று, அப்டேட்டை நிறுத்துவதும் கருவியைச் சாகடிப்பதும் வேறு வேறு. இணையத் தொடர்பைத் துண்டித்தாலும் வீட்டுக்குள் வேலை செய்யும்படி கருவியை முதலிலேயே வடிவமைத்தால், சர்வர் நிற்கும் நாளில் ஆபத்தும் இல்லை, நட்டமும் குறைவு.

இது வெறும் ஆசையில்லை என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ரிவால்வ் என்பது விளக்கு, பூட்டு, வெப்பமானி முதலியவற்றை ஒன்றாக இயக்கும் 299 டாலர் மதிப்புள்ள கருவி. கூகுளின் துணை நிறுவனமான நெஸ்ட் 2014இல் ரிவால்வை வாங்கியது. 2016 மே 15இல் சர்வரை அணைத்தது. கருவி அன்றோடு முடிந்தது. அமெரிக்க வணிக ஆணையம் விசாரித்தது. விற்றவை குறைவு, பணமும் திருப்பித் தரப்படுகிறது என்று சொல்லி, கவலையைப் பதிவு செய்துவிட்டுக் கோப்பை மூடியது. இன்ஸ்டியான் என்ற இன்னொரு வீட்டுக் கருவி நிறுவனம் 2022 ஏப்ரலில் சொல்லாமல் கொள்ளாமல் சர்வர்களை நிறுத்தியது. ஆனால் அதன் கருவிகள் ஒன்றோடொன்று மின்கம்பி வழியாகவும் வானொலி வழியாகவும் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்பவை. சுவரில் ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரிந்தது. ஆர்வலர்கள் ஹோம் அசிஸ்டென்ட் போன்ற திறந்த மென்பொருளோடு இணைத்து மீட்டார்கள். இரண்டே மாதத்தில் பயனர்கள் சிலர் சேர்ந்து அந்த நிறுவனத்தையே வாங்கி மறுபடி நடத்தத் தொடங்கினார்கள். பெப்பிள் கைக்கடிகாரம் 2016இல் நின்றுபோன பிறகும் ரெபிள் என்ற பயனர் குழு அதன் சேவைகளை ஓட்டியது. 2025 ஜனவரியில் கூகுள் அதன் இயங்குதள நிரலைத் திறந்துவிட்டது. செத்த கருவிக்கும் பிழைத்த கருவிக்கும் இடையில் இருந்தது வடிவமைப்பில் எடுத்த ஒரு முடிவு, நிரலை விட்டுக்கொடுப்பதில் காட்டிய மனம். அறிவியல் தடை ஒன்றுமில்லை.

மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்பதையோ படம் பார்ப்பதையோ நான் குறை சொல்லவில்லை என்பதை இங்கே தெளிவாக்க வேண்டும். அது வாடகை, வாடகை என்று இரு தரப்புக்கும் தெரியும், நின்றால் நின்றது. தகராறு, முழு விலையையும் விற்பனையாக வாங்கிக்கொண்டு பிறகு வாடகைக்காரராக நடத்துவதைப் பற்றியது. எது விற்பனை, எது உரிமம் என்பதில் இந்தத் தொழில் எவ்வளவு நெகிழ்வாக இருந்திருக்கிறது என்பதைப் பார்க்க இந்திய வரி வழக்குகளைவிட நல்ல இடம் இல்லை. 2004இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கு. ஆந்திர அரசு மென்பொருள் தொகுப்புகளுக்கு விற்பனை வரி கேட்டது. மென்பொருள் தொட்டறிய முடியாதது, அது சரக்கே ஆகாது என்று நிறுவனம் வாதிட்டது. வட்டில் பதிந்து கடையில் விற்கும் மென்பொருள் சரக்குதான் என்றது உச்ச நீதிமன்றம். பதினேழு ஆண்டு கழித்து, 2021 மார்ச்சில், இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கு. இம்முறை வருமான வரித் துறை, வெளிநாட்டு மென்பொருளுக்குப் போகும் பணம் பதிப்புரிமையைப் பயன்படுத்தக் கொடுக்கும் ராயல்டி, அதில் வரி பிடித்திருக்க வேண்டும் என்றது. ராயல்டி எங்கே, உரிமம் எங்கே, நடந்தது சரக்கு விற்பனை என்று நிறுவனங்கள் வாதிட்டன. உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பயனர் கையெழுத்திடும் உரிம ஒப்பந்தம் எந்தப் பதிப்புரிமையையும் அவருக்கு மாற்றித் தருவதில்லை, பதிப்புரிமை உள்ள ஒரு பொருளை அவர் வாங்குகிறார், அவ்வளவுதான் என்பது தீர்ப்பின் சாரம்.

விற்பனை வரி கேட்டால் சரக்கு இல்லை. ராயல்டி வரி கேட்டால் சரக்கு. வாங்கியவர் வந்து என் பொருள் எங்கே என்று கேட்டால் மறுபடி சரக்கு இல்லை, உரிமம் மட்டுமே. வரி வழக்கின் தீர்ப்பு நுகர்வோர் வழக்குக்கு அப்படியே பொருந்திவிடும் என்று சொல்ல மாட்டேன். கேள்விகள் வேறு, சட்டங்கள் வேறு. ஆனாலும் அரசிடம் விற்றுவிட்டேன் என்று சொல்லிச் சலுகை பெற்ற ஒரு தொழில், அதே பரிவர்த்தனையில் வாடிக்கையாளரிடம் விற்கவே இல்லை என்று சொல்ல வந்தால், அதை நீதிமன்றம் சந்தேகத்தோடு கேட்க வேண்டும் என்ற அளவுக்காவது இந்தத் தீர்ப்புகள் இடம் தருகின்றன.

மற்ற நாடுகள் இப்போது கையில் எடுத்திருக்கும் மருந்து பெரும்பாலும் அறிவிப்புப் பலகை. கலிபோர்னியாவில் 2025 முதல், உரிமம் மட்டும் தரும் டிஜிட்டல் சரக்கை விற்பனை போலக் காட்டுவதானால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து, இணையக் கருவிகளுக்கு எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் உண்டு என்பதை அறிவிக்க வேண்டும். தேவையான சட்டங்கள்தான்: 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் 184 கருவிகளின் தளங்களைப் பார்த்தபோது ஏறக்குறைய 89 சதவீதம் அந்தக் காலத்தைச் சொல்லவே இல்லை. ஆனால் பலகை மாட்டுவதால் சாவி கை மாறுவதில்லை. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் விற்ற 'தி க்ரூ' என்ற கார் பந்தய ஆட்டத்தின் சர்வர்களை 2024 மார்ச் 31இல் நிறுத்தியபோது, தனியாக ஆடுபவர்களுக்கும் ஆட்டம் போயிற்று. எதிர்ப்பு வலுத்த பிறகு, அடுத்த பாகங்களுக்கு இணையமின்றி ஆடும் வசதி செய்து தருவதாக அதே நிறுவனம் அறிவித்தது. அந்தச் சர்வர் நிறுத்தத்தையொட்டிக் கிளம்பிய ஐரோப்பியக் குடிமக்கள் மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அவர்கள் கேட்பது காலவரையற்ற சேவையை இல்லை. விடைபெறும்போது பொருளை ஓடும் நிலையில் விட்டுப் போ என்பதைத்தான். இதுவே சரியான கோரிக்கை என்பது என் கருத்து. இணையம் இல்லாமல் ஓட வழி செய், அல்லது நிரலையும் சாவியையும் திறந்துவிடு, இரண்டும் முடியாதென்றால் பணத்தைத் திருப்பிக் கொடு. இவற்றுள் எதைச் செய்வது என்ற தேர்வை வேண்டுமானால் நிறுவனமே வைத்துக்கொள்ளட்டும்.

இந்தியாவில் இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதை வரையறுத்திருக்கிறது. தகுந்த காரணமின்றி ஒரு தரப்பு தானாகவே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தருவது, நுகர்வோருக்குப் பாதகமான நியாயமற்ற நிபந்தனையைச் சுமத்துவது இரண்டும் அந்த வரையறைக்குள் வெளிப்படையாகவே இருக்கின்றன. அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரமும் ஆணையங்களுக்கு உண்டு. விரும்பும்போது சர்வரை அணைப்போம், விரும்பும்போது வசதியை எடுப்போம் என்று எழுதிவைத்த உரிம ஒப்பந்தத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற பிரிவு. ஆனால் அந்த அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் மட்டுமே. மாவட்ட ஆணையத்தில் இந்தப் புகாரைக் கொடுக்க முடியாது. சில ஆயிரம் ரூபாய் பிரிண்டரின் நிபந்தனையை எதிர்ப்பதற்கும் தர்மபுரிக்காரர் மாநில ஆணையத்தைத்தான் நாட வேண்டும். எதிரே நிற்பது அனுபவமிக்க வழக்கறிஞர் படை. இந்த ஒரு வரம்பை நாடாளுமன்றம் திருத்தினால் போதும், அந்தப் பிரிவுக்கு உயிர் வந்துவிடும். அதுவரை, யாராவது ஒரு நுகர்வோர் அமைப்பு பல வாங்குநர்களைச் சேர்த்துக்கொண்டு மாநில ஆணையத்துக்குப் போவதுதான் நடக்கக்கூடிய வழி. பலர் சார்பில் ஒரே புகாராகத் தரச் சட்டம் இடம் தருகிறது.